அலாரம் அக்காவின் வணக்கம்

அவளுக்கு ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளாது. யானைத் தகவல் அறையில் ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு நாற்காலி. நாற்காலி பாவம், அவள் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து சும்மாவே கிடக்கிறது. யானைக் கூட்டம் எங்கே நிற்கிறது என்று காட்டோரக் காவலர் போனில் சொல்வார். அதை அவள் தன் குரலில் பதிந்து சுற்றுவட்டாரப் போன்களுக்கெல்லாம் அழைப்பாக அனுப்புவாள். ஜனங்கள் ஒதுங்கிக்கொள்வார்கள், யானைகள் தம் பாட்டுக்குக் கடந்து போகும். அதனால் ஊருக்கு அவள் அலாரம் அக்கா.

பம்பு மெக்கானிக்கான அவள் புருஷன் மட்டும் காதில் போட்டுக்கொள்ள மாட்டான். "வீட்டுலதான் நாள் பூரா கேக்குறேனே, ரோட்டுலயும் கேக்கணுமா?" என்பான்.

கேலிதான், ஆனாலும் அவளுக்குச் சுருக்கென்று தைக்கும். காடு இருந்த இடமெல்லாம் வீடுகள் முளைத்துவிட்டன. யானைக்குப் பழைய வழி மறக்கவில்லை. முன்பு ஒருவர் மிதிபட்டதும் ஊர் பட்டாசும் தீப்பந்தமுமாகக் கிளம்பியது. மிரண்டோடிய ஒரு குட்டி பள்ளத்தில் விழுந்து செத்தது. தாய் அங்கேயே நின்று பிளிறியதை அவள் கேட்டிருக்கிறாள். அன்று போன நிம்மதி இன்னும் திரும்பவில்லை.

ஒருநாள் பொழுது சாயும் நேரம் காவலர் அழைத்தார். "பாலத்து வளைவுல நிக்குதும்மா, குட்டியோட. நகர மாட்டேங்குது."

பதிந்து அனுப்பினாள். முழுதாகக் கேட்டவர்கள் திரையில் பச்சை, துண்டித்தவர்கள் சிவப்பு. புருஷன் சிவப்பு. ஆலையில் வேலை முடித்து அவன் அந்த வழியாகத்தான் பைக்கில் வருவான். தன் போனில் அழைத்தாள். எடுக்கவில்லை. அவள் நம்பர் என்றால் வீட்டுக்கு வந்து பேசிக்கொள்ளலாம் என்று வண்டியை நிறுத்தாத ஆள். புது நம்பர் என்றால் வாடிக்கையாளர், உடனே ஓரங்கட்டுவான். எதிர்க்கடைக்கு ஓடிக் கடைக்காரர் போனைப் பிடுங்கினாள்.

"சொல்லுங்க, பம்பு ரிப்பேரா?"

"நான்தான். இன்ஜின ஆஃப் பண்ணுங்க."

அந்தப் பக்கம் சத்தம் அடங்கியது. பிறகு கிசுகிசுத்தான். "கிளை முறியுது. கிட்டத்துலதான்."

"வண்டி கிடக்கட்டும். பேசாம திரும்பி நடங்க."

காவலர் மறுபடி அழைக்கும்வரை கடை வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். யானைகள் பைக்கை முகர்ந்துவிட்டு ஓடைக்கு இறங்கிவிட்டன என்றார். யாரும் பட்டாசை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்தவனிடம் பொரிந்து தள்ளினாள். "பாதியில ஏன் கட் பண்றீங்க?"

"பாதி எங்க? அன்பார்ந்த பொதுமக்களுக்கு வணக்கம்னு இழுக்குறே பாரு, அங்கயே எல்லாரும் கட் பண்ணிடுவாங்க. நீ மரியாதைய முடிக்குறதுக்குள்ள யானை வந்துடும்."

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. திரையில் தினமும் பார்த்த சிவப்பையெல்லாம் ஜனங்களின் அலட்சியம் என்றுதான் திட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காவலர் அழைத்ததும் மைக்கில் சொன்னாள்: "ஆலை ரோட்டுல யானை. யாரும் கிளம்பாதீங்க."

திரை மளமளவென்று பச்சையானது. போன் அடித்தது.

"ஆலையிலயே நிக்கிறேன்," என்றான் புருஷன். "முழுசா கேட்டேன். வணக்கம்தான் காணோம்."

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். கண்ணைத் துடைப்பதற்குள் காவலர் அழைத்தார், எழுந்துவிட்டாள்.