ஜலஜா பிந்திய இடங்கள்

வைத்தீஸ்வரனைப் பற்றி எழுத என்னைவிடப் பொறுமைசாலி யாராவது கிடைத்திருக்கலாம். எனக்கு வாய் நீளம், கோபம் மூக்கின்மேல் உட்கார்ந்திருக்கும். ஆனால் அவர் செய்த காரியத்தில் பாதிப் பங்கு என்னுடையது. அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

என் பெயர் ஏழுமலை. சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் தடம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தபலா. வைத்தி சார் ஆற்றுக்கு அந்தப் பக்கம், கார்டன் ரீச் தலைமை அலுவலகத்தில் கிளெய்ம்ஸ் கிளார்க். ரயிலில் அனுப்பிய மூட்டை வந்து சேரவில்லை, பெட்டி உடைந்து வந்தது என்று ஜனங்கள் எழுதுகிற புகார்களுக்குப் பதில் எழுதுவது அவர் உத்தியோகம். அறுபத்தொன்பதில் கல்கத்தாவுக்கு வந்தவர். ரயில்வே காலனியில் இரண்டு அறை குவார்ட்டர்ஸ். மனைவி ஜலஜா. குழந்தைகள் இல்லை.

எங்கள் ஆர்கெஸ்ட்ராவில் எட்டுப் பேர். நாலு தமிழர், மூன்று வங்காளிகள், ஒரு கோவாக்காரர். பூஜை சீசனில் தினம் ஒரு பந்தல், மற்ற நாட்களில் கல்யாண ரிசப்ஷன், ரயில்வே இன்ஸ்டிட்யூட் விழா. வைத்தி சார் முதலில் ஹார்மோனியம் வாசித்தார், அப்புறம் அக்கார்டியன், அப்புறம் நாலு பேர் தூக்கவேண்டிய ஒரு எலெக்ட்ரிக் ஆர்கன். எதை வாசித்தாலும் தாளம் பிசகாது. ஹௌரா ஸ்டேஷன் கடிகாரத்தைக் கூடச் சந்தேகப்படுவார், தாளம் போடுகிற தன் கால் கட்டைவிரலைச் சந்தேகப்பட மாட்டார். தாளம் தப்பியவனை அவர் பார்க்கிற பார்வைக்குப் பயந்து ஒரு பாடகர் எங்களை விட்டே போனார்.

எண்பத்தெட்டு ஆகஸ்டில் அந்தக் கீபோர்ட் வந்தது. ஜலஜாவின் தம்பி கோபு கப்பலில் வேலை பார்த்தான். சிங்கப்பூரிலிருந்து அதைப் போர்வையில் சுற்றி, குழந்தையைத் தூக்கி வருகிறமாதிரி தூக்கிக்கொண்டு வந்தான். கம்பெனி வைத்த பெயர் எழுத்தும் எண்ணுமாக இருந்தது. எங்களுக்கு அது ஜப்பான். 'ஜப்பானைத் துடைச்சாச்சா', 'ஜப்பானுக்கு ஸ்டூல் போடு', இப்படித்தான் பேசிக்கொள்வோம்.

அதுவரை நாங்கள் கேட்ட கீபோர்டுகள் எல்லாம் கீபோர்டு சத்தம்தான் போட்டன. இதில் பியானோவை அழுத்தினால் பியானோ கேட்டது. புல்லாங்குழலில் ஊதுகிறவனின் மூச்சு கேட்டது. வயலின் கூட்டத்தை முதல் தடவை வைத்தி சார் வாசித்தபோது எங்கள் கிதார்காரர் தபன்தா நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். எழுந்து நின்றது தமக்கே தெரியவில்லை என்று அப்புறம் சொன்னார். நானோ எதற்கும் வாய் திறந்து பாராட்டாதவன். அன்றைக்கு அந்தக் கறுப்புப் பெட்டியை ஒரு முறை தடவிப் பார்த்தேன்.

அதன் பெரிய அதிசயம் வேறு. வாசித்ததை அது தன்னுள்ளேயே வைத்துக்கொள்ளும். டேப் ரெக்கார்டர்மாதிரி சத்தத்தைப் பிடித்து வைப்பதில்லை. எந்தக் கட்டையை, எந்த நொடியில், எவ்வளவு அழுத்தி, எவ்வளவு நேரம் விரல் தொட்டது என்று விரலைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ளும். பியானோவில் வாசித்ததை அப்புறம் குழலாகவோ வீணையாகவோ கேட்கலாம். விரல் அதே விரல்.

நாளைக்கு மூன்று தடவை கரண்ட் போகிற ஊர் இது. கரண்ட் போனால் எதுவும் மறந்துபோகும் என்பதுதான் எங்கள் அனுபவம். ஜப்பான் மறக்கவில்லை. உள்ளே ஒரு சின்ன பேட்டரி இருந்ததாம். லோட் ஷெட்டிங் முடிந்து விளக்கு வந்ததும் வைத்தி சார் ஓடிப்போய்ப் பட்டனை அழுத்துவார். வைத்தது வைத்தபடி ஒலிக்கும். அவர் முகத்தில் அப்போது ஒரு பெருமை வரும், ஏதோ தானே பேட்டரியைக் கண்டுபிடித்த மாதிரி.

ஜலஜாவை வங்காளிகள் பௌதி என்றார்கள், அண்ணி என்று அர்த்தம். கேட்டுக் கேட்டு நானும் பௌதி என்றே கூப்பிட்டேன். அவருக்குச் சிறு வயதிலிருந்தே இருதய வால்வில் கோளாறு. மாடிப்படி ஏறினால் நடுவில் ஒரு தடவை நின்றுதான் ஏறுவார். சங்கீதம் யாரிடமும் கற்றுக்கொண்டதில்லை. புருஷன் ஆபீஸ் போனபிறகு மதியத்தில் ஜப்பான்முன் உட்கார ஆரம்பித்தார். இரண்டு மணிக்கு அம்மி கொத்துகிறவன் 'ஷில் காட்டாவ்' என்று நீளமாக இழுத்துக்கொண்டு தெருவில் போவான். அந்தக் குரலைக் கட்டைகளில் தேடித்தேடிப் பிடித்து, அதற்குப்பின் இன்னொரு வரி, அதற்குப்பின் இன்னொன்று என்று முப்பத்திரண்டு வரியில் ஒரு மெட்டு கட்டிவிட்டார்.

மெட்டு நன்றாக இருந்தது. இருந்ததை இருந்தது என்று சொல்லவேண்டும். வாசிப்புதான் தகராறு. வலது கை வரும், இடது கை ஒரு மயிரிழை பிந்தி வரும். சில வரிகளின் ஆரம்பத்தில் ஒரு தயக்கம். காத்திருந்தால் வரும். ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை முடிந்து காபி கொடுத்துவிட்டு எங்களுடன் வாசிக்க உட்காருவார். நான் தபலாவை வைத்துக்கொண்டு திட்டுவேன். 'பௌதி, நான் சமத்துக்கு, முதல் தட்டுக்கு, வந்து நிக்கறேன், நீங்க இன்னும் ஸ்டேஷன்லயே இருக்கீங்களே' என்பேன். வைத்தி சாரும் தொடையில் தட்டிக் காட்டுவார். ஒரு நாள் அவர் ரொம்பத் தட்டியபோது ஜலஜா கையை எடுக்காமலேயே சொன்னார்.

"உங்க தாளத்தை ஆபீசுக்கு எடுத்துண்டு போங்கோ. இது என் பாட்டு, என் மூச்சுக்குத்தான் வரும்."

நாங்கள் சிரித்தோம். அந்த டிசம்பரில் வைத்தி சார் ஜலஜாவின் காதில் ஹெட்போனை மாட்டி, டிக் டிக் என்று தாளம் ஓடவிட்டு, மெட்டு முழுவதையும் ஜப்பானில் பதிந்து வைத்தார். காதுக்குள்ளேயே தாளம் அடித்தும் ஜலஜா பிந்த வேண்டிய இடத்தில் எல்லாம் பிந்தினார்.

எண்பத்தொன்பது பிப்ரவரியில் ஜலஜா இறந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய் மூன்றாம் நாள். வயது முப்பத்தொன்பது.

காரியங்கள் முடிந்து நான் போனபோது வைத்தி சார் தரையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். ஜப்பான் தானாக ஒலித்துக்கொண்டிருந்தது. புல்லாங்குழல். ஜலஜாவின் மெட்டு. வைத்தி சார் சாதாரணமாகச் சொன்னார், "நேத்திக்கு வீணை வாசிச்சா. இன்னிக்குப் புல்லாங்குழல்."

தினமும் காலையில் அப்படித்தான். ஆபீஸ் கிளம்புமுன் ஏதாவது ஒரு சத்தத்தைத் தேர்ந்தெடுத்து ஜலஜாவை வாசிக்க விடுவார். மெட்டு எங்கே தயங்குமோ அங்கே டம்ளர் வாயருகில் நிற்கும். சுரம் வந்தபிறகுதான் குடிப்பார். பழகிப்போன புருஷன் பெண்டாட்டி ஒன்றாகப் படியேறுகிறமாதிரி இருந்தது அது. அந்தப் பெட்டிக்குள் ஜலஜாவின் கை இருக்கிறது, அது ஒன்றுதான் மிச்சம் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கேசட்டில் ஒரு பிரதி எடுத்து வைக்கலாம் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. ஜப்பான்தான் மறக்காதே.

பூஜை முடிந்து அக்டோபரில் இன்ஸ்டிட்யூட் ஹாலில் விஜயா சம்மிலனி. துர்க்கையை ஆற்றில் விட்டபிறகு எல்லோரும் கூடித் தழுவிக்கொண்டு, இனிப்பு தின்று, பாட்டு கேட்கிற விழா. வருஷம் திரும்பாததால் வைத்தி சார் மேடை ஏறாமல் இருந்தார். தபன்தாதான் வந்து கேட்டார். பௌதியின் பாட்டை அன்றைக்கு வைப்போம், பௌதியே வாசிக்கட்டும், நாங்கள் கூட வாசிக்கிறோம். வைத்தி சார் சரி என்றார்.

விழாவன்று காலை அவர் வீட்டில் ஒத்திகை. ஜப்பான் வாசிக்கிறது, நான் தபலா போடுகிறேன். நாலாவது வரியிலேயே இடறினேன். மனுஷன் பிந்தினால் முகத்தைப் பார்த்துச் சமாளிக்கலாம், பெட்டியின் எந்த முகத்தைப் பார்ப்பது? இரண்டாம் தடவையும் இடறியதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"இதுக்கு என்னால வாசிக்க முடியாது சார். முந்நூறு பேர் முன்னால தபலாக்காரன் தப்பு பண்றான்னுதான் நெனைப்பாங்க. இல்லன்னா பௌதிக்குத் தாளம் வராதுன்னு நெனைப்பாங்க. நேர் பண்ணிடுங்க."

நேர் பண்ணுவது என்று ஒரு வசதி அதில் உண்டு. முன்னும் பின்னும் விழுந்த சுரங்களை எல்லாம் தாளத்தின் கட்டங்களில் பிடித்து உட்காரவைத்துவிடும். எங்கள் பதிவுகள் எல்லாவற்றுக்கும் அதைச் செய்வோம். முகம் கழுவுகிறமாதிரி, யோசிக்கிற விஷயமே இல்லை.

வைத்தி சார் கொஞ்ச நேரம் அந்தச் சின்னத் திரையைப் பார்த்தார். "ஆமாம், நாலு பேர் முன்னால அவ தப்பு பண்ணினா நன்னா இருக்காது" என்றார். அழுத்தினார். ஒரு நொடி. அவ்வளவுதான். உடனே திருப்பிக்கொள்ள ஒரு பட்டன் இருக்கிறது, ஆனால் அடுத்த வேலை தொடங்கிவிட்டால் அதுவும் போய்விடும், பழைய பதிவு திரும்பாது. அவர் மேலே பேஸ் கிதார் சேர்த்தார், வயலின் சேர்த்தார். ஒருமுறை அவசரமாக ஓட்டிப் பார்த்தோம். நான் சந்தோஷமாக வாசித்தேன். எவ்வளவு சுலபமாக இருந்தது என்று அவரிடம் சொல்லவும் சொன்னேன்.

மாலையில் ஹால் நிறைந்திருந்தது. தபன்தா வங்காள மொழியில் நாலு வார்த்தை சொன்னார். வைத்தி சார் வேட்டியோடு மேடையில் ஏறி, பட்டனை அழுத்தி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்கு வேறு வேலை இல்லை. அந்த நாளில் அப்போதுதான் முதல் தடவையாக அவர் சும்மா நின்று கேட்டார்.

நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாவது வரி முடிந்தது. காலையில் டம்ளரோடு நிற்பது போல் அவர் தலை லேசாகச் சாய்ந்து நின்றது. அவர் நின்றார், சுரம் நிற்கவில்லை. வந்து, அவரைத் தாண்டிப் போயிற்று. அவர் ஜப்பானைத் திரும்பிப் பார்த்தார். அடுத்த இடத்திலும் அப்படியே. அதற்கடுத்த இடத்திலும். மெட்டு முழுவதும் ஒரு பிசகில்லாமல் ஓடி முடிந்தது. ஜனங்கள் கை தட்டினார்கள். முன்வரிசைப் பெண்கள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்கள். வைத்தி சார் கட்டிய கையைக் கூட எடுக்காமல் நின்றார். ஜலஜா செத்த அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவிலும் அவர் அப்படி நிற்கவில்லை.

அடுத்த ஞாயிறு மதியம் என்னை வரச்சொல்லியிருந்தார். தபலாவோடு போனேன். ஜப்பான்முன் உட்கார்ந்திருந்தார், சவரம் செய்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். மெட்டைத் தானே வாசித்துப் பதிகிறார், கேட்கிறார், அழிக்கிறார். லீவு போட்டுவிட்டு வாரம் முழுக்க இதே வேலை. கேட்டால் அவள் வாசிப்பு இல்லை என்று தெரிகிறது, அவள்மாதிரி வாசிக்க வரவில்லை என்றார். பிந்தவேண்டும் என்று நினைத்துக்கொண்டே வாசித்தாலும் விரல் தாளத்தில் போய் விழுந்துவிடுகிறதாம். முப்பது வருஷம் அடித்துப் பழக்கிய விரல். வேண்டுமென்று பிந்தினால் அது வைத்தீஸ்வரன் பிந்துவதாக இருக்கிறது, ஜலஜா பிந்துவதாக இல்லை.

மன்னித்துவிடுங்கள் என்றேன். அது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"ஏழுமலை, நீ அவளைத் திட்டுவியே, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை. அதே மாதிரி இப்பத் திட்டு. நான் வாசிக்கறேன். நீ எங்கெல்லாம் திட்டினியோ அங்கெல்லாம்தான் அவ இருந்தா."

தபலாவை முன்னால் இழுத்துக்கொண்டேன். அவர் ஆரம்பித்தார். நாலாவது வரியில் வாயைத் திறந்தேன். இங்கேதானா, இதற்கு அடுத்ததிலா? எவ்வளவு நேரம்? ஒரு மூச்சா, அரை மூச்சா? அந்தப் பெண்பிள்ளை தப்பு செய்தார் என்பதுதான் எனக்கு ஞாபகம் இருந்தது. எங்கே என்பது இல்லை. நாலு மாதம் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு தடவை கூட நான் கேட்கவில்லை, திட்ட மட்டும் செய்தேன்.

"எனக்கு ஞாபகம் இல்ல சார்" என்றேன்.

அவர் நிறுத்தவில்லை. முப்பத்திரண்டு வரியும் வாசித்தார், அழித்தார், மறுபடியும் வாசித்தார். எங்காவது ஒரு தவறு வராதா என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்று கூட வரவில்லை. தபலாமேல் கையை வைத்தபடி நான் அழுதுகொண்டிருந்தேன். அவர் வாசித்துக்கொண்டிருந்தார்.