வெந்நீர் விளாவும் சட்டி

“...அதனால டூப்ளிகேட்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க அண்ணா, நான் பாட்டுக்கு எடுத்துட்டுப் போயிடறேன்” என்றாள் பக்கத்து வீட்டு மருமகள். அவளுடைய மூன்று மாதக் குழந்தை என் மனைவியின் தோளில் இருந்தது. எங்கள் சாப்பாட்டு மேசையில், விரித்த செய்தித்தாளின் மேல், அவள் கொண்டுவந்த இரும்புச் சட்டி இருந்தது.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் சிப்பாய்கள் போட்டிருந்த இரும்புத் தொப்பிகளைத் தேடி நான் அலைய ஆரம்பித்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. யாரும் சொல்லித் தரவில்லை. படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிய மூன்றும் சினிமா ஷூட்டிங்குக்குச் செய்தவை என்பது வீட்டுக்கு வந்தபிறகுதான் தெரிந்தது. “ஒரிஜினல் ஜெர்மன் சார். பில்லு மட்டுந்தான் இல்ல, மத்த எல்லாம் கீது” என்று விற்றவர் சொன்னாரே, அந்த வாக்கியத்துக்காகவே மூன்றாவதை வாங்கினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாம்பரத்திலிருந்து கேளம்பாக்கம் வரை, தொப்பி வைத்திருக்கிற எல்லோரும் அதை ஒரிஜினல் என்று என்னைச் சொல்லச் சொல்லித்தான் கேட்பார்கள். போலி என்று சொல்லச் சொல்லிக் கெஞ்சியவள் இவள் ஒருத்திதான்.

அவளுடைய மாமனாரின் அப்பா பட்டாளத்தில் சமையல்காரராக இத்தாலி வரை போனவராம். திரும்பி வந்தபோது பெட்டியில் இது இருந்திருக்கிறது. தொப்பியை மல்லாத்தி, இரண்டு பக்கமும் பிடி வைத்து, ஆடாமல் நிற்க அடியில் ஒரு வளையமும் பற்றவைத்து, வீட்டில் அதற்கு மிலிட்டரி சட்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்த வீட்டில் பிறக்கிற குழந்தைகளுக்கு வெந்நீர் விளாவுவது அதில்தான். போன வாரம் எங்களுக்குக் கொழுக்கட்டை கொடுக்க வந்தவள், என் அலமாரியில் இருந்த போலித் தொப்பிகளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

“கழுத்துப் பக்கம் இறங்கி வருதே அந்த வளைவு, அதைப் பார்த்ததும் எங்க சட்டியும் இதுதான்னு தெரிஞ்சுபோச்சு அண்ணா. செத்தவன் தலையிலேர்ந்து எடுத்ததுலயா என் புள்ளைக்குத் தண்ணி விளாவி ஊத்தறேன்? அத்தைகிட்ட கேட்டா, ‘உன் புருஷனும் அதுல குளிச்சவன்தான், கெட்டா போயிட்டான்’ங்கறாங்க.”

“யோசிச்சுச் சொல்ல வேண்டிய கேள்விதான் அது” என்றாள் என் மனைவி, குழந்தையைத் தட்டிக்கொண்டே.

சட்டியைத் திருப்பினேன். புளியும் சாம்பலும் போட்டு எழுபது எண்பது வருஷம் தேய்த்த இரும்பு. பெயின்ட் இல்லை, உள்ளே தலையில் படும்படி இருக்க வேண்டிய தோல் பட்டை இல்லை. நான் நம்பிப் பார்க்கிற பாதி அடையாளங்கள் அடுப்படியிலேயே போய்விட்டிருந்தன. ஆனால் ஓரம் உள்பக்கமாக மடிந்திருந்தது. போரின் ஆரம்ப வருஷங்களில் அப்படித்தான் செய்தார்கள். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது உள்ளே, இடது ஓரத்தில், இரண்டு எழுத்தும் 62 என்ற எண்ணும் நிழலாகத் தெரிந்தன. பன்னிரண்டு வருஷத்தில் நான் தொட்ட முதல் நிஜத் தொப்பி அது.

நிஜம் என்றால் அவள் அதை இங்கேயே போட்டுவிட்டுப் போய்விடுவாள். எனக்கு வேண்டியதும் அதுதானே? போலி என்றால் அவள் நிம்மதியாகத் தூக்கிக்கொண்டு போவாள், எனக்கும் தொப்பி போய்விடும். உண்மையைச் சொன்னால் பேராசை, பொய் சொன்னால் நல்ல மனசு. இப்படி ஒரு கணக்கை நான் எங்கேயும் பார்த்ததில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். மறுபடியும் டார்ச் அடித்தேன்.

“ஒரிஜினல்தாம்மா” என்றேன்.

“நீங்க வச்சுக்கணும்னு சொல்லலையே?”

“இவர் உண்மையும் சொல்லுவார், ஆசையும் படுவார். ரெண்டுக்கும் ஒரே மூஞ்சிதான், கண்டுபிடிக்க முடியாது” என்றாள் என் மனைவி.

“போட்டிருந்தவன் செத்தானா, சரணடைஞ்சு கழட்டிப் போட்டானா, அது எனக்குத் தெரியாதும்மா” என்றேன். “கழட்டிப் போட்டது குவியல் குவியலாக் கிடந்திருக்கு. சமையல்காரராச்சே, பாத்திரத்துக்கு ஆகும்னு ஒண்ணு எடுத்திருக்கலாம்.”

“இல்ல, செத்தவன்கிட்டேர்ந்தும் எடுத்திருக்கலாம்.”

“எடுத்திருக்கலாம்.”

“குண்டு பட்ட ஓட்டை?”

பித்தளை உருக்கி அடைத்த புள்ளிகளைக் காட்டினேன். காற்றுக்காகப் பக்கத்துக்கு ஒன்று, தோலைப் பிடிக்க மூன்று. ஐந்து ஓட்டையும் தொழிற்சாலையிலேயே போட்டவை. அவள் விரலால் தடவித் தானும் எண்ணினாள். ஆறாவது இல்லை. அதனால் என்ன தீர்ந்தது என்று எனக்கும் புரியவில்லை, அவளுக்கும் புரிந்ததாகத் தெரியவில்லை.

“62ன்னா?”

“தொப்பியோட அளவு. தலை ஐம்பத்தஞ்சு சென்டிமீட்டர் இருக்கும். கொஞ்சம் சின்னத் தலைதான்.”

“இவனுக்கு நாப்பது” என்றாள். “போன வாரம் ஊசி போடப் போனப்ப நர்ஸ் டேப் வச்சுப் பார்த்தாங்க.”

குழந்தையின் தலையைப் பார்த்தேன், சட்டியைப் பார்த்தேன். இங்கேயே இருக்கட்டும் என்பாளோ என்று எதிர்பார்த்தேன். அப்படி எதிர்பார்த்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

“தெற்கு எந்தப் பக்கம் அண்ணா?”

எதற்கென்று புரியாமலேயே வண்டலூர் பக்கம் கையைக் காட்டினேன். அவள் சட்டியை எடுத்துக்கொண்டு எங்கள் பின்வாசலுக்குப் போனாள். குழாயைத் திறந்து விளிம்புவரை பிடித்தாள். தெற்கே திரும்பி நின்று, இறந்தவர்களுக்கு விடுவதுபோல், வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டே மெதுவாக எல்லாத் தண்ணீரையும் தரையில் விட்டாள். பிறகு உள்ளே வந்து, என் மனைவியிடமிருந்து குழந்தையை வாங்கி ஓர் இடுப்பிலும், ஈரச் சட்டியை மறு இடுப்பிலும் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.