தீனி போட்ட இடம்

புதன்கிழமை சாயங்காலம் கே.கே. நகர் டீக்கடையில் நானும் மச்சானும் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு மணி நேரமாகும். மச்சான் என்றால் என் அக்கா வீட்டுக்காரர், பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் லேத் ஓட்டியவர். ஞாயிறுதோறும் இருவரும் தூண்டில் போடப் போவோம். முக்கொம்பு அணையில் ஷட்டரை இறக்கிவிட்டானா, கொள்ளிடத்தில் தண்ணீர் வடிந்து எந்த மடுவில் மீன் தங்கியிருக்கும் என்பதெல்லாம் விசாரிப்பது அவர் பொறுப்பு. தீனி போடுவது என் பொறுப்பு.

தீனி என்றால் கடலைப் புண்ணாக்கும் தவிடும் சேர்த்துப் பிசைந்த உருண்டை. மூன்று நாள் ஒரே இடத்தில் போட்டால் மீன் பழகிவிடும். போட்டவன் கரையில் குச்சி நட்டுத் துணி கட்டிவிட்டுப் போவான். அதற்கப்புறம் அங்கே வேறு எவனும் தூண்டில் போடக் கூடாது.

அந்த வாரம் ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே ஒரு மடு. மூன்று நாளும் வேலை விட்டு நேரே போய்ப் போட்டேன். ஞாயிறு காலை போனால், துணி கட்டிய குச்சிக்குப் பக்கத்தில் லுங்கி கட்டிய ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். காலடியில் இரண்டு கட்லா துள்ளிக்கொண்டிருந்தன.

"யோவ், எந்திரிய்யா. இது நான் தீனி போட்ட இடம்."

"நான் போட்ட இடங்க இது. நல்லாப் பாருங்க," என்றார். எழுந்திருக்கவில்லை.

அந்த நிதானம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. கோபம் வந்தால் எனக்குக் காது அடைத்துவிடும். கழுத்தில் ஓர் உதை விட்டேன். தண்ணீரில் குப்புற விழுந்தார். மேலே ஏறி உட்கார்ந்து, பிடரியைப் பிடித்துத் தலையைச் சேற்றுக்குள் அமுக்கினேன். கையைக் காலை அடித்துக்கொண்டார். விடவில்லை. சாகட்டும் என்றுதான் நினைத்தேன். இதை இப்போது எழுதும்போதும் மாற்றிச் சொல்ல முடியவில்லை.

வண்டியை நிறுத்திவிட்டு வந்த மச்சான் என்னைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்து இழுத்தார். "விடுடா! நம்ம குச்சி அங்க இருக்குடா!" என்று கத்தினார். இரவில் தண்ணீர் வடிந்து கரை இறங்கியிருந்தது. முப்பது அடி தள்ளி, காய்ந்த மணலில் நின்றது என் குச்சி. அதைப் பார்த்தும் கை நிற்கவில்லை. அந்த ஆளின் தூண்டில் கம்பைப் பிடுங்கிக் கையில் பிடித்தபடியே பின்பக்கமாகச் சுழற்றினேன். முள் எதிலோ சிக்கியது. வெறியோடு சுண்டி இழுத்தேன்.

மச்சான் அலறினார். தூண்டில் முள் அவர் இடது கண் இமைக்குள் ஏறியிருந்தது. கன்னமெல்லாம் ரத்தம்.

நான் கையை நீட்டியபோது, "தொடாதீங்க! இழுத்தா கண்ணு வந்துரும்," என்றது ஒரு குரல். நான் அமுக்கிக் கொல்லப் பார்த்த ஆள். வாயிலிருந்து சேற்றைத் துப்பிக்கொண்டே தவழ்ந்து வந்து, பல்லால் தூண்டில் நரம்பைக் கடித்து அறுத்தார். தலைத்துண்டை மச்சானின் முகத்தில் கட்டிவிட்டார். என் பக்கம் திரும்பவே இல்லை.

மச்சானை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அக்கா ஓடிவந்தாள். எப்படி ஆச்சு என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான், "தூண்டிலை வீசும்போது நானே மாட்டிக்கிட்டேன்," என்றார். அக்கா அவரைத் திட்டித் தீர்த்தாள். நான் சுவரோரம் நின்றிருந்தேன்.

அந்தக் கண்ணில் பாதிப் பார்வைகூடத் திரும்பவில்லை. லேத்திலிருந்து எடுத்து ஸ்டோரில் உட்கார வைத்துவிட்டார்கள். இருபது வருஷம் இரும்பைக் கடைந்த மனிதர் இன்று நட்டு போல்ட்டு எடுத்துக் கொடுக்கிறார்.

வீட்டுக்கு யார் வந்தாலும் அக்கா சொல்வாள், "என் தம்பி மட்டும் அன்னிக்குக் கூட இல்லேன்னா இவரு கண்ணே போயிருக்கும்."

மச்சான் எழுந்து உள்ளே போய்விடுவார். நான் அங்கேயே உட்கார்ந்து, அவள் கொடுத்த காபியைக் குடித்து முடிப்பேன்.