பிடிக்கிறவர்தான் உரிக்கவேண்டும்

நான் தோல் உரிக்கப் படிக்கிறேன் என்ற செய்தி ஒரே வாரத்தில் ஸ்காபரோவைச் சுற்றி வந்துவிட்டது. யார் பரப்பியது என்று நான் விசாரிக்கவில்லை. நானேதான். கோயிலில் பிரசாத வரிசையில் நின்ற ஒரு அன்ரி, "உம்மை இப்ப சனிக்கிழமையளிலை காணேல்லையே" என்றார். "பீவர் பிடிக்கப் படிக்கிறன் அன்ரி, தோலும் உரிக்கவேணும்" என்றேன். ஒளித்துச் செய்ய இதில் என்ன இருக்கிறது என்ற திமிர்தான். அன்ரி ஒரு அடி தள்ளி நின்றுகொண்டார்.

றிச்மண்ட் ஹில்லுக்கு வடக்கே ஒரு மரக்கன்றுப் பண்ணையில் எனக்கு வேலை. ஏப்ரலில் கூப்பிடுவார்கள். நவம்பரில் நிலம் இறுகியதும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மூன்று வருடம் இப்படியே போனது. அம்மாவோ ஊர்ச் சண்டைக்குத் தப்பிவந்து கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில், பொலிஸ் பதிவுத் துண்டைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்திருந்தார். அவருக்கு அறுபத்தெட்டு வயது. அவரைக் கனடாவுக்குக் கூப்பிட நான் போட்ட விண்ணப்பம் திரும்பி வந்தது. வருடம் முழுக்க வேலை இல்லாத நான் இன்னொருவரைப் பொறுப்பேற்க முடியாதாம். அண்ணைக்கு நல்ல வேலை இருந்தது. ஆனால் வீட்டு மோர்ட்கேஜ் கடனும் இருந்தது. "அடுத்த வருசம் பாப்பம்" என்பதையே அவர் நான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வருடம் பண்ணையின் கீழ்ப்பக்க ஓடையில் பீவர்கள் வந்து குடியேறின. கனடாவின் ஐந்து சத நாணயக் குற்றியில் சாதுவாகக் குந்தியிருக்கிறதே, அதே பிராணிதான். பல்லாலேயே மரத்தை அறுத்து, ஓடையை மறித்து அணை கட்டி, எங்கள் கன்றுகளைத் தண்ணீரில் மூழ்கடித்துவிட்டன. வழக்கமாகப் பொறி வைக்க வருகிறவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். லைசன்ஸ் இல்லாதவர்கள் அதில் கை வைக்க முடியாது. ஒருநாள் மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லோருக்கும் முன்னால் முதலாளி சொன்னார்: யார் அந்த லைசன்ஸ் எடுக்கிறார்களோ அவர்களுக்குக் குளிர்காலமும் வேலை உண்டு. பத்து ஆண்கள் குனிந்து தங்கள் சாண்ட்விச்சைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன்.

வகுப்பு சனி, ஞாயிறுகளில், ஒஷாவாவையும் தாண்டி ஒரு சின்ன ஊர் மண்டபத்தில் நடந்தது. பன்னிரண்டு பேரில் நான் ஒருத்திதான் பெண், நான் ஒருத்திதான் கறுப்பு. முதல் நாள் ஒருவர் என்னிடம் கோப்பி எப்போது வரும் என்று கேட்டார். "எனக்கும் ஒன்று கொண்டு வாரும்" என்றேன். பொறி உடனே கொல்லவேண்டும், மிருகம் வதைபடக்கூடாது, எந்த மாதம் பிடிக்கலாம், எதைத் தொடவே கூடாது என்று புத்தகம் முழுக்கச் சட்டம். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். பொறியின் ஸ்பிரிங்கை அமுக்க எனக்குப் பலம் காணாது என்று பக்கத்திலிருந்தவர் கை நீட்டினார். "விடும், நான் செய்யிறன்" என்று தமிழிலேயே சொன்னேன். கயிற்றைக் கோத்து, ஒரு முனையைக் காலால் மிதித்து, மற்ற முனையை இழுத்து அமுக்கினேன். அதற்குப் பிறகு யாரும் கை நீட்டவில்லை.

மூன்றாவது வாரம் நான் ஒரு கேள்வி கேட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் முகம் எரிகிறது. "பிடித்த பிறகு, உரிக்கிற ஆளை எங்கே கூப்பிடுவது?"

வாத்தியாருக்கு முதலில் விளங்கவில்லை. "எந்த ஆள்?" என்றார். உரிக்கிறதற்கென்று இருக்கிற ஆள், என்றேன். பின்வரிசையில் ஒருவர், "மகாராணி வந்திருக்கிறா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வாத்தியார் சிரிக்கவில்லை. "அப்படி ஒருவரும் இல்லை. பிடிக்கிறவர்தான் உரிக்கவேண்டும்" என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் காருக்குள் தனியே என்னைத் திட்டிக்கொண்டு வந்தேன். ஊரில் தீபாவளிக்கு ஆடு அடித்தால் உரிக்க ஒருவர் வருவார். எங்கள் கிணற்றில் அவர் அள்ளக்கூடாது. நாங்கள் அள்ளி ஊற்றுவோம், அவர் இரண்டு கையையும் ஏந்திக் குடிப்பார். அவர் உரித்த இறைச்சியை மட்டும் சப்புக்கொட்டித் தின்போம். அகதியாக வந்து, அடுத்தவர் நிலத்தில் மண் கிளறி, ஐந்து மாதம் வேலையில்லாமல் குந்தியிருக்கிற எனக்கு, இங்கேயும் அந்த ஆள் வந்து உரித்துத் தரவேண்டுமாம். தூ! வெட்கம் கெட்டவளே என்று வாய்விட்டே சொன்னேன். அடுத்த வாரம் போனதும் நான்தான் முதலில் கத்தியை எடுத்தேன்.

அந்த வாரம்தான் அண்ணையும் அண்ணியும் என் அப்பார்ட்மென்டுக்கு வந்தார்கள். நான் மட்டன் றோல் பொரித்து வைத்திருந்தேன். அண்ணை இரண்டாவது றோலைக் கடித்துக்கொண்டு தொடங்கினார்.

"உனக்கென்ன விசரே? எங்கடை ஆக்கள் செய்யிற வேலையே உது?"

"எங்கடை ஆக்கள் இஞ்சை கோப்பை கழுவேல்லையோ? கக்கூஸ் கழுவேல்லையோ?"

"அது வேறை. உது வேறை. நாளைக்கு என்ரை பெட்டையளுக்கு ஒரு கலியாணம் பேச வேண்டாமோ?"

பெட்டைகளுக்கு அப்போது ஆறு வயதும் நாலு வயதும். அண்ணி மெல்லிய குரலில், "உயிர்ப் பாவம் எல்லே" என்றார். எனக்கு வந்ததே ஒரு கோபம். "அண்ணி, உங்கடை கோட்டுக் கழுத்திலை கிடக்கிற தோல் என்ன, வாழைநாரோ? அது தானாக் கழண்டு வந்து ஒட்டினதோ?" என்றேன். அண்ணி கோட்டை மாட்டிக்கொண்டு எழும்பிவிட்டார். வாசலில் நின்று அண்ணை சொன்னார்: "நான் அம்மாவுக்குச் சொல்லுறன்."

சொல்லிவிட்டார். லைசன்ஸ் சோதனைக்கு முந்தின ஞாயிறு, லொட்ஜுக்குப் போன் எடுத்தபோது அம்மா சுகம்கூட விசாரிக்கவில்லை.

"கேள்விப்பட்டது மெய்யோ?"

"ஓம்."

"அப்பிடி உழைச்சு என்னைக் கூப்பிட வேண்டாம். உன்ரை கையாலை ஒரு வாய் சோறு தின்னமாட்டன்."

எனக்கு அழுகை வந்தது. ஆனால் வாய் அடங்கவில்லை. "தின்ன வேண்டாம். பட்டினி கிடவுங்கோ. ஆனா இஞ்சை வந்து கிடவுங்கோ. அங்கை கிடந்து சாகவேண்டாம்" என்றேன். அம்மா போனை வைத்துவிட்டார்.

எழுத்துச் சோதனை பெரிய பாடாக இருக்கவில்லை. செய்முறைதான் பயம். பீவரின் தோலைச் சட்டை மாதிரி இழுத்துக் கழற்ற முடியாது. தாடையிலிருந்து வால்வரை ஒரே கோடாகக் கீறி, அங்குலம் அங்குலமாகக் கத்தியாலேயே பிரிக்கவேண்டும். கொழுப்பு வழுக்கும். ஒரு ஓட்டை விழுந்தால் புள்ளி போகும். ஒன்றே கால் மணித்தியாலம் எடுத்தேன். முதுகில் சிறிய ஓட்டை ஒன்று விழுந்தது. பலகையில் நீள்வட்டமாக விரித்து ஆணி அடித்து முடித்தபோது விரல்கள் மடங்கவில்லை. வாத்தியார் விளக்குக்கு முன்னால் பிடித்துப் பார்த்துவிட்டுக் கையொப்பம் வைத்தார். என்னை மகாராணி என்றவர் உரித்த தோலில் மூன்று ஓட்டைகள். நான் எண்ணினேன். ஏன் எண்ணக்கூடாது?

அந்தக் குளிர்காலமும் அடுத்ததும் பனிக்குள் நின்று வேலை செய்தேன். விண்ணப்பத்தை மறுபடி போட்டேன். இந்த முறை திரும்பி வரவில்லை. வரமாட்டேன் என்று கடைசிவரை கடிதத்தில் எழுதிய அம்மா, பயணச்சீட்டு போனதும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

விமான நிலையத்திலிருந்து அண்ணை எல்லோரையும் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அண்ணி தேத்தண்ணி கொண்டுவந்தார். அம்மாவுக்கும் அண்ணைக்கும் பூப்போட்ட பீங்கான் கோப்பை. எனக்குக் கடுதாசிக் கோப்பை.

அம்மா என் கையைப் பார்த்தார். பிறகு அண்ணியைப் பார்த்தார். அண்ணி சுவரைப் பார்த்தார். நான் வாயைத் திறக்குமுன், அம்மா தன் பீங்கான் கோப்பையை என் பக்கம் தள்ளிவிட்டு, என் கையிலிருந்த கடுதாசிக் கோப்பையை வாங்கி, கடைசிச் சொட்டுவரை குடித்தார். "எழும்பு, போவம். எனக்கு நித்திரை வருது" என்றார்.

காரில் பெல்ட்டை மாட்டிவிட்டபோது சொன்னார்: "அதுக்காக நீ சமைச்சு நான் தின்பன் எண்டு நினையாதை."

"ஆர் சமைக்கிறது? நான் வேலையாலை களைச்சு வாறனான். நீங்கள்தான் சமைக்கவேணும்."

அம்மாதான் சமைத்தார். சாகும்வரை சமைத்தார். வேலையால் வந்ததும், கையைக் கழுவு, கழுவு என்று கத்திவிட்டு, எனக்குச் சோறு போட்டார்.