கைக்கு ஏற்ற கன்

கை ரோஜா நிறத்தில் வந்தது. கிருஷ்ணகிரியில் ஒரு முகாம். வரிசையாக உட்கார வைத்துச் செயற்கைக் கை கொடுத்தார்கள். எல்லாக் கையும் ஒரே நிறம். நான் கறுப்பு. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் என்னைவிடக் கறுப்பு. அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெள்ளக்காரன் கையப்பா இது. பேனா குடுத்தா இங்கிலீசுலதான் எழுதும்" என்றார். எல்லோரும் சிரித்தோம். வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோ மேல் வைத்தேன். மாட்டவில்லை.

என் வலது கை பிரஸ் மெஷினில் போனது. மணிக்கட்டுக்கு மேலே. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. எழுத நினைத்தது அக்காவைப் பற்றி.

கை போன பிறகு ஓசூரில் பாகலூர் ரோட்டுப் பக்கம் ஒரு பெயிண்ட் ஷாப்பில் சேர்ந்தேன். பஸ், கார், கம்பெனி ரேக், ஆஸ்பத்திரிக் கட்டில், எல்லாம் வரும். என் வேலை ஸ்பிரே கன் கழுவுவது, கேட்கிறவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது. கன்னை மேஜையில் பொருத்திய வைஸில் இறுக்கிவிட்டால் ஒரு கை போதும். தின்னர் ஊற்றி, மூக்கைக் கழற்றி, ஊசியைத் துடைத்து, ஆணியில் மாட்டுவேன். அக்கா அங்கே பெயிண்டர். கர்நாடகப் பக்கம் அத்திப்பள்ளியிலிருந்து பஸ்ஸில் வருவார். என்னைவிட இளையவர்தான். ஆனால் ஷாப்பில் எல்லோருக்கும் அவர் அக்கா. பேச்சில் பாதி தமிழ், பாதி கன்னடம், திட்டும்போது தெலுங்கும் சேரும்.

கம்ப்ரஸர் காற்று, ஒரு குழாய், ஒரு கன். பெயிண்ட் பனி மாதிரி வந்து ஒட்டும். அவ்வளவுதான் என்று நினைத்தேன். அக்கா வேலை செய்வதைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. அவர் முதலில் பொருளைத் தொட்டுப் பார்ப்பார். பிறகு பெயிண்ட் டப்பாவில் குச்சியை விட்டுத் தூக்கி, அது எப்படி ஒழுகுகிறது என்று பார்ப்பார். பிறகுதான் என் பக்கம் கை நீட்டுவார். பிரைமர் கெட்டி, அதற்கு வாய் பெரிய கன். கார் கதவுக்கு, தலையில் கப் வைத்த கன், பனி மெல்லிசாக விழும். பஸ் கூரைக்குக் கப் போதாது. டாங்கிலிருந்து குழாய் வைத்து அடிக்கிற கன். கட்டில் கம்பிக்கு விசிறியாக அடித்தால் பாதி பெயிண்ட் காற்றுக்குத்தான் போகும், அதனால் விசிறியைச் சுருக்கிக் கோடாக்கிக்கொள்வார். அவர் அடித்த கதவில் நான் முகம் பார்த்திருக்கிறேன். ஒரு இடம் தடித்திருக்காது, ஒரு இடம் மெலிந்திருக்காது. குளத்தில் தண்ணீர் நிற்கிற மாதிரி நிற்கும்.

மகளுக்கு நிச்சயம் பேசினோம். கெலமங்கலத்தில் மாப்பிள்ளை வீடு. அவர்களுக்கு என் கை தெரியும், அதில் ஒளிவு இல்லை. சிக்கல் தட்டு மாற்றுவதில் வந்தது. எங்கள் பக்கம் தாம்பூலத் தட்டை இடது கையால் கொடுக்க மாட்டார்கள். என் மனைவியின் அண்ணன் சொன்னார்: "நீங்க பக்கத்துல நில்லுங்க மாப்ள. தட்ட நான் குடுத்துக்கறேன்."

"பீரோ மேல கை இருக்குது" என்றேன்.

"அதயா? அத மாட்டிட்டு நின்னா சபையே அந்தக் கையத்தான் பாக்கும். பொண்ண எவன் பாப்பான்?"

அவர் கெட்டவர் இல்லை. சொன்னதும் பொய் இல்லை. பெற்றவன் நான் நிற்க, இன்னொருவர் என் மகளுக்காகத் தட்டுக் கொடுப்பார். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

ஷாப்பில் யாரோ சொல்லி அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. "நாளைக்கு அந்தக் கைய கொண்டாங்க அண்ணா" என்றார். எதற்கு என்றேன். "பின்ன? ஊருல இருக்கற பஸ்ஸுக்கெல்லாம் அடிக்கறேன், உங்க கைக்கு அடிக்க மாட்டனா?"

மஞ்சள் பையில் வைத்துக் கொண்டுபோனேன். வாட்டர் பேப்பரால் தேய்த்தார். பிளாஸ்டிக்குப் போடுகிற பிரைமர் போட்டார். கம்பியில் கட்டி, கார் பம்பர் தொங்குகிற இடத்தில் தொங்கவிட்டார். காற்றில் அது லேசாக ஆடியது. பஃபிங் மெஷினால் பாலிஷ் போடுகிறவன் எட்டிப் பார்த்து, "யார்ரா அது, உள்ள இருந்து டாட்டா காட்றது?" என்று கத்தினான்.

என் நிறத்தைக் கலக்கி, கதவுக்கு அடிக்கிற கன்னைக் கேட்டு வாங்கி அடித்தார். ஒரே சீராக வந்தது. எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. அக்கா மட்டும் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"நோடி அண்ணா, பாருங்க. நல்லா வந்திருக்குது. அதான் கேடு. இது கை இல்ல, மட்கார்டு."

என் இடது கையைப் பிடித்து இழுத்து ஜன்னல் வெளிச்சத்தில் மேஜைமேல் வைத்தார். வெகுநேரம் பார்த்தார். இவ்வளவு நேரம் என் கையை யாரும் பார்த்ததில்லை, டாக்டர்கூட. மூட்டில் கறுப்பு, விரல் இடுக்கில் மஞ்சள், நகத்துக்குக் கீழே சிவப்பு, வெயில் பட்ட புறங்கையில் வேறு ஒன்று. விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். நரம்பில் வந்து நின்றார். "உங்க கையில பச்சை இருக்குது, தெரியுமா?" எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் கூடவே இருக்கிற கை. குனிந்து பார்த்தேன். இருந்தது.

பிறகு என் பக்கம் கை நீட்டினார். "துப்புற கன் ஒண்ணு இருந்துச்சே, அது எங்க?"

கீறலை மறைத்து அடிக்க வைத்திருந்த சின்ன கன் அது. ஊசி தேய்ந்துபோய்ப் பெயிண்டைப் பனியாக விடாமல் பொட்டுப் பொட்டாகத் துப்பும். ஒரு கார் பானெட்டையே கெடுத்திருந்தது. பழைய இரும்புக்குப் போடுவதற்காக நான்தான் மூலையில் எறிந்திருந்தேன். நான் தினமும் கன் கழுவுவதே ஒரு கன்னும் துப்பக்கூடாது என்பதற்காகத்தான். அதைக் கேட்கிறாரே என்று திகைத்துப்போய் எடுத்து வந்தேன்.

காற்றை மிகவும் குறைத்தார். இன்னொரு நல்ல சின்ன கன்னால் முதலில் நரம்பு ஓடுகிற இடத்தில் பச்சை, மூட்டில் கறுப்பு, நகத்தில் சிவப்பு. மேலே துப்புகிற கன்னால் என் நிறம், தள்ளி நின்று, தூறல் மாதிரி. அடிப்பார், வந்து என் இடது கையைப் பார்ப்பார், திரும்பப் போவார். சாப்பாட்டுக்கு மணி அடித்தும் யாரும் நகரவில்லை. டாட்டா என்று கத்தினவன் வாயைத் திறந்தபடி நின்றான். ஒவ்வொரு தூறலுக்கும் பிளாஸ்டிக் பின்வாங்கிப் போனது. தோல் வந்தது. மயிர்க்கால் குழிபோல, வெயில் பட்டதுபோல, ஒரு வயது வந்தது அதற்கு. எனக்கு இல்லாமல் போன ஒன்று கம்பியில் தொங்கிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருவதைப் பார்த்தேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

கடைசியில் கிளியர், நிறமில்லாத மேல்பூச்சு. பளபளப்பு வேண்டாம் என்று மங்கல் கலந்தார். "பளபளன்னா மறுபடியும் வண்டி ஆயிடும்" என்றார். கை கட்டிக்கொண்டு தள்ளி நின்று பார்த்தார். "ஆயித்து" என்றார்.

நிச்சயத்தன்று முழுக்கைச் சட்டை போட்டுக் கையை மாட்டினேன். மச்சான் பார்த்தார். பக்கத்தில் வந்து பார்த்தார். ஒதுங்கி வழி விட்டார். தேங்காய், பழம், வெற்றிலை, புடவை எல்லாம் வைத்த தட்டை என் மனைவி எடுத்துக் கொடுத்தாள். வலது கையைத் தட்டுக்கு அடியில் கொடுத்தேன். இடது கையால் விளிம்பைப் பிடித்தேன். அந்த விரல்கள் மடங்காது, அரைவாசி வளைந்தபடி இருக்கும். தட்டு அதில் உட்கார்ந்துகொண்டது. மச்சான் பின்னால் என் முழங்கை அருகே கையை ஏந்திக்கொண்டு நின்றார், சரிந்தால் பிடிக்க. சரியவில்லை. சம்பந்தி தட்டைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், வாங்கிக்கொண்டார். சபை என் மகளைப் பார்த்தது.

பிறகு சந்தனக் கிண்ணத்தோடு ஒரு பெரியவர் வந்தார். அவர்கள் ஊர்க்காரர், என் கதை தெரியாதவர். யாரிடமோ பேசிக்கொண்டே என் இடது புறங்கையில் பூசினார். அதே பேச்சில் வலது கையையும் எடுத்துப் பூசிவிட்டு அடுத்தவரிடம் போனார்.

அக்கா பந்தியில் உட்கார்ந்திருந்தார். அங்கே போய்க் கையை நீட்டிக் காட்டினேன். சந்தனத்தைப் பார்த்தார். கண் கலங்கியது, சிரித்தார். "பழக்கதோசத்துல தின்னர் போட்டு தொடைச்சுடாதீங்க அண்ணா, கலரே உரிஞ்சு வந்துரும். தண்ணி போதும்."

அக்கா இப்போது தன் ஊர்ப் பக்கமே வேறு ஷாப்பில் இருக்கிறார். கன்களை நான்தான் இன்னும் கழுவுகிறேன். துப்புகிற கன்னுக்கும் ஒரு ஆணி உண்டு.

நிச்சயத்தன்று சாப்பிட உட்காரும்போது இடது கையைக் கழுவினேன். வலது கையைக் கழுவவில்லை.