தண்ணிக்கோடு மட்டும்

வலக் கையின் புறம் டைல்ஸின் மேல் மெதுவாகப் போகிறது. உள்ளங்கை அல்ல, புறங்கை. விரல்கள் மடங்கியிருக்கின்றன. மணிக்கட்டுக்கும் விரல் மொளிகளுக்கும் நடுவிலுள்ள மெல்லிய தோல்தான் தடவுகிறது. நீர் வந்து தொடும் கோட்டில் ஒரு சாண் அகலத்துக்கு, வெண்டைக்காய் வெட்டிய கத்தியைப் போல ஒரு வழுவழுப்பு. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. டைல்ஸ் நல்ல நீலமாகத்தான் இருக்கிறது. நீண்ட பிடி போட்ட பிரஷால் அந்த இடத்தை அழுத்தித் தேய்த்தபின் புறங்கை திரும்பவும் போகிறது. வழுவழுப்பு இல்லை. அடுத்த ஓரடி. ஆனால் அதற்குக் கீழே, இடுப்பளவு ஆழத்தில், பிரஷ் சுவரில் பதியாமல் சறுக்குகிறது. இரண்டு தரம் பார்த்த கை, பிரஷை இழுத்து வெளியே எறிகிறது.

எறிந்தவர் அஞ்சலோ. வயது ஐம்பத்தெட்டு, ஊர் பாலையூற்று. கோபம் வந்தால் கையிலிருப்பதை எறிவார். பிறகு தானே எழும்பிப் போய் எடுத்து, கழுவி, இருந்த இடத்தில் சாய்த்து வைப்பார். அன்று காலை அந்தப் பிரஷை அவர் கழுவியது மூன்றாவது தடவை.

விறாந்தைக் கதிரையிலிருந்து வீட்டுக்காரி கமலேஸ்வரி டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தார். உப்புவெளியில் அந்த வீட்டில் அவர் தனியாக இருக்கிறார்; கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர்.

"பிரஷ் என்ன பாவம் செய்தது, அஞ்சலோ?"

"அதுக்கு எட்டாதாம் டீச்சர். மேல ஒரு முழத்துக்குக் கீழ ஏலாதாம்."

"உமக்கு?"

"எனக்கும் ஏலாது. தெரிஞ்சுகொண்டு கேக்கிறியள்."

அஞ்சலோ பத்தொன்பது வயதில் துறைமுகத்தில் இறங்கியவர். இழுவைக் கப்பல்களுக்கும் சீமெந்துக் கப்பல்களுக்கும் அடியில் போய், ஒட்டியிருக்கும் சிப்பியையும் பாசியையும் சுரண்டுவது வேலை. மேலே வள்ளத்தில் கொம்பிரசர் இரையும்; அதிலிருந்து வரும் குழாயைக் கடித்துக்கொண்டு கீழே இரண்டு மணித்தியாலம். கலங்கல் நாட்களில் சொந்தக் கையே தெரியாது. சுரண்டிய இடத்தைத் தடவித்தான் அறிய வேண்டும். காய்த்துப்போன உள்ளங்கை பொய் சொல்லும், புறங்கை சொல்லாது என்று முதல் வருடத்திலேயே கண்டுகொண்டார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர் முடித்த பக்கத்தை இரண்டாம் தரம் சுரண்டச் சொன்ன கப்பல்காரர் ஒருவரும் இல்லை.

அந்த வேலைக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. இறங்குவதற்கு முன் கப்பலின் பக்கத்தில் ஒரு கயிறு கட்டுவார்கள். எல்லாரும் மேலே வந்த பிறகு, கடைசி ஆள் அதை அவிழ்த்துக் கப்பல்காரரின் கையில் கொடுக்க வேண்டும். கயிறு கைக்கு வராமல் இயந்திரத்தை இயக்க மாட்டார்கள். "முடிஞ்சுது" என்று வாயால் சொன்னால் செல்லாது.

இருபத்தாறு வருடம் அப்படிப் போயிற்று. பிறகு இடது காதுச் சவ்வு கிழிந்தது. இனித் தலை தண்ணீருக்குள் போகவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வீடுகளின் நீச்சல் தடாகங்களைக் கரையில் நின்றும், கழுத்தளவு இறங்கியும் துப்பரவு செய்கிறார். தன் காதின் மேல் அவருக்கு இன்னும் கோபம்தான்.

டீச்சருக்கு இடுப்பெலும்பு மாற்றிய பிறகு, கனடாவிலிருக்கும் மகன் சசிகரன் கட்டுவித்த தடாகம் அது. ஏணிக்குப் பதிலாகக் கைபிடிக் கம்பியுடன் ஒரு சரிவு. டீச்சர் கம்பியைப் பிடித்தபடி இறங்கி, நெஞ்சளவு நீரில் தினமும் அரை மணித்தியாலம் நடப்பார். நிலத்தில் பத்து எட்டு வைக்க வோக்கர் வேண்டும், தண்ணீரில் வேண்டாம். பத்து நாளுக்கு முன் சரிவின் அடியில் கால் வழுக்கிவிட்டது. கம்பி அகப்பட்டபடியால் முழங்கை அடிபட்டதோடு போயிற்று. பயிற்சி கொடுக்க வரும் பெண் கண்டிப்பாகச் சொன்னாள்: பாசி போகாமல் இறங்கக் கூடாது. ஆனால் இரண்டு மாதம் நடக்காமல் விட்டால் கால் இறுகிவிடும், பிறகு சக்கர நாற்காலிதான்.

வழுக்கிய அன்றே அஞ்சலோ நீல நைலோன் கயிறொன்றைச் சரிவின் குறுக்கே கட்டினார்.

சசிகரன் போனில் சொன்ன முதல் மருந்து, "கிளோரினைக் கூடப் போடுங்கோ அண்ணை." போட்டார். தண்ணீர் தெளிந்தது, வழுவழுப்பு போகவில்லை. தேய்க்காமல் அது போகாது. இரண்டாவது, "அப்ப தடாகம் கழுவுற ரோபோ ஒண்டு வாங்குவம். எது எண்டு நீங்களே பாத்துச் சொல்லுங்கோ."

இந்த வேலையை அஞ்சலோ கப்பலடி வேலையைப் போலவே செய்தார். நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் வயர் போட்ட ரோபோ ஒன்று ஓடியது. ஒரு முழுக் காலை அதன் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தார். அரை மணிக்கொரு தடவை வயர் முறுகியது. டீச்சரின் தடாகத்தில் கைபிடிக் கம்பிக்கு எட்டுக் கால். வயர் அதில் சுற்றாமல் ஒரு நாளும் போகாது. ஆகவே பற்றரியில் ஓடுவது வேண்டும். சல்லிக் கடற்கரைப் பக்கத்துக் காற்று கொண்டுவரும் மண் அரித்த மா மாதிரி இருக்கும். ஹோட்டல் ரோபோவின் வலை அதைப் பின்பக்கத்தால் புகையாக விட்டது. ஆகவே வலை நைசாக வேண்டும். சரிவு ஏற வேண்டும், சுவர் ஏற வேண்டும். ஒரு பயிற்சிக் கொப்பியில் நாலு பக்கம் எழுதினார்.

"நீட்டாமல் சுருக்கமா அனுப்புங்கோ அண்ணை, எனக்கு நேரமில்லை" என்றான் சசிகரன்.

நாலு பக்கத்தையும் நாற்பது செக்கன் குரல் செய்தியாகச் சுருக்கினார்; சரிவும் சுவரும் ஒரே வசனத்தில் அடங்கிவிட்டன. சுருக்கும்போதே எரிச்சலாக இருந்தது.

கயிறு கட்டிய பதினெட்டாம் நாள் பெட்டி வந்தது. பற்றரி நிறையும்வரை காத்திருந்து, இரண்டு கையாலும் தூக்கி மெதுவாகத் தண்ணீரில் விட்டார். அது தாழவில்லை. ஒரு சின்னத் தட்டு வள்ளம் போல மேற்பரப்பில் ஓடியது. வேப்பிலைகளைப் பொறுக்கியது. சுவரில் முட்டித் திரும்பியது.

"மிதக்குது, டீச்சர்."

"தாழுறதுக்கோ வாங்கினது?"

"ஓம் டீச்சர், தாழுறதுக்குத்தான் வாங்கினது!"

போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு அழைத்தார். அங்கே காலை, சசிகரன் காரில் இருந்தான்.

"தம்பி, இது மேல மிதந்து இலை பொறுக்கிற மெஷின்."

"ஓம் அண்ணை, நீங்கள் கேட்டதுதானே."

"நான் இதைக் கேக்கேல்ல."

"உங்கட வொய்ஸ் இருக்கண்ணை. அதில சொன்னதைத்தான் வாங்கினது. இப்ப வந்து கதையை மாத்தாதேங்கோ."

துறைமுகத்தில் அஞ்சலோவை ஏசியவர்கள் இருக்கிறார்கள். சொன்னதை மாற்றுகிறவர் என்று யாரும் சொன்னதில்லை.

"ஆர் கதையை மாத்தினது? அந்த வொய்ஸைப் போடும். இப்பவே போடும். என்ர வாயாலயே கேப்பம்."

போட்டான். அஞ்சலோவின் குரல் கனடா போய்த் திரும்பி வந்தது: "தம்பி, தண்ணிக்கோடு மட்டும் துப்பரவாக்கிற மெஷினாப் பாருங்கோ. வயர் வேண்டாம், பற்றரி. வலை நல்ல நைசா இருக்க வேணும்..."

"இதில என்ன பிழை? சரியாத்தானே சொல்லியிருக்கிறன்!"

பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. டீச்சரின் மருமகள், சென்னையில் பிறந்து வளர்ந்தவள்.

"அதைத்தாங்க நானும் தேடி வாங்கினேன். தண்ணிக்கோடு மட்டும்னு சொன்னீங்க. அந்தக் கோட்டை மட்டும் சுத்தம் பண்றது. தரையும் சுவரும் வேணாமான்னு எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு."

டீச்சர்தான் முதலில் விஷயத்தைப் பிடித்தார்.

"ஐயோ பிள்ளை! நீர் கலியாணம் முடிச்சு வந்த கிழமை, களைச்சுப் போயிருக்கிறீர், எட்டு மணி மட்டும் படும் எண்டு நான் சொன்னதெல்லே?"

"எட்டு மணி நேரத்துக்கு மேல தூங்கக் கூடாதுன்னு சொல்றீங்கன்னு நெனச்சு அலாரம் வச்சேன், அத்தை."

இங்கே கடற்கரை மட்டும் போய் வருவார்கள், விடியும் மட்டும் விழித்திருப்பார்கள். 'மட்டும்' என்றால் அதுவரை. அடியிலிருந்து தண்ணிக்கோடு வரை என்றுதான் அஞ்சலோ சொல்லியிருந்தார். சென்னைக் காதில் அது 'அது ஒன்றே' என்று விழுந்திருந்தது.

"பிள்ளையில பிழையில்லை" என்றார் அஞ்சலோ. குரல் தணியவில்லை. "ஆனா தம்பி, நீங்கள் இஞ்ச பிறந்தனீங்கள். உங்களுக்கு விளங்கியிருக்கும். அந்த வொய்ஸை ஒருக்காலெண்டாலும் போட்டுக் கேட்டனீங்களோ?"

மருமகள்தான் சொன்னாள்: "அவர் கேக்கலைங்க. அப்படியே எனக்கு அனுப்பிட்டார். தரை வேணாமான்னு நான் கேட்டப்போகூட, அந்த அண்ணைக்குத் தெரியும், சொன்னதை வாங்குன்னுட்டார்."

"நாப்பது செக்கன்" என்றார் டீச்சர். "பெத்தவள் நடக்கிறதுக்கு நாப்பது செக்கன் இல்லையோடா உனக்கு?"

"அம்மா, வேலை அப்பிடி. சரி, இப்ப உந்த மெஷினை வச்சுச் சமாளியுங்கோ. டிசம்பரில வரேக்க நானே பாத்து நல்லதொண்டு வாங்கித் தாறன்."

"இது ஓகஸ்ட். டிசம்பர் மட்டும் நான் கதிரையில இருக்கிறதோ?"

அந்தச் சொல் அவனுக்கு நன்றாக விளங்கியது. கார் ஓரமாக நிற்கும் சத்தம் கேட்டது.

அஞ்சலோ போனை டீச்சரிடம் கொடுத்துவிட்டு, பிரஷை எடுத்துக்கொண்டு கயிற்றுக்குக் கீழே குனிந்து சரிவில் இறங்கினார். சேர்ட்டைக்கூடக் கழற்றவில்லை. கழுத்தளவு ஆழத்துக்குப் போய், பழைய மாதிரி மூச்சை இழுத்தார். வோக்கரால் விறாந்தையில் இடித்தார் டீச்சர்.

"காதையும் கெடுத்து, நான் கத்துறதும் கேளாமல் திரியப் போறீரோ? ஏறும் வெளியில!"

அஞ்சலோ இழுத்த மூச்சை விட்டார். பிரஷைக் கரையை நோக்கி எறிந்தார். ஏறி வந்து அதை எடுத்துக் கழுவினார்.

அடுத்த நாள் காலை மருமகள் தனியாக அழைத்தாள். "எனக்குக் குளத்தைக் காட்டுங்க. நாலு பக்கம் எழுதினீங்களாமே, முழுசா வாசிங்க. எனக்கு நேரம் இருக்கு."

வாசித்தார். ஒவ்வொரு வரிக்கும் போனை அந்த இடத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினார்: சரிவு, கம்பியின் எட்டுக் கால்கள், ஆழமான மூலை. அவள் மூன்று ரோபோக்களின் விவரங்களைத் திறந்து வைத்திருந்தாள்.

"இது சுவர் ஏறும், தண்ணிக்கோடு வரைக்கும்."

"வரைக்கும் எண்டால்?"

"மட்டும்" என்று சொல்லிச் சிரித்தாள். அஞ்சலோ சிரிக்கவில்லை.

"பற்றரி முடிஞ்சா அது எங்க நிக்கும்?"

"அப்படியே அடியில நிக்கும்போல."

"அப்ப வேண்டாம். தாழ்ந்து எடுக்க இஞ்ச ஆளில்லை. மற்றது?"

"ரெண்டாவது, முடியப்போற நேரம் தானே சுவர் ஓரமா மேல வந்து நிக்கும். கொக்கியால இழுக்கலாம்."

"எவ்வளவு நேரம் வந்து நிக்கும்? பத்து நிமிஷம் நிண்டிட்டுத் திரும்பத் தாழ்ந்தால்?"

அது அவளுக்குத் தெரியவில்லை. விற்பவர்களுக்கு எழுதிக் கேட்டாள். பதில் வர இரண்டு நாள் எடுத்தது: பத்து நிமிடம்தான். மூன்றாவது, பற்றரி முற்றாகச் சாகும் வரை, மணிக்கணக்கில், சுவரில் ஒட்டி நிற்கும். ஆனால் அதன் வலை பெரிய கண். நைசு வலை தனியாக வாங்கலாமா என்று அஞ்சலோ கேட்டார். வாங்கலாம். நீர் நிறைந்திருக்கும்போது என்ன பாரம் என்று கேட்டார். அதற்கும் எழுதினாள். ஒரு கேள்வியைக்கூட அவள் சுருக்கச் சொல்லவில்லை.

மூன்றாவதை நைசு வலையோடு வாங்கி அனுப்பினாள். பன்னிரண்டாம் நாள் அது வந்தது. இறப்பர்ச் சங்கிலி போட்ட, ஆமை அளவான சாமான். தண்ணீரில் விட்டதும் குமிழி விட்டபடி தாழ்ந்தது. அடியில் போய்ச் சற்று நின்று, யோசித்ததைப் போல ஒரு பக்கம் திரும்பிப் புறப்பட்டது. சரிவில் ஏறியது. சுவரில் ஏறியது. கோட்டில் மூக்கை வெளியே நீட்டி, சளசளவென்று தேய்த்துவிட்டு இறங்கியது.

"இனி இறங்கலாமோ?" என்றார் டீச்சர்.

"ஏலாது."

"மெஷின் ஓடுதே."

"ஓடினாப் போதுமோ? நான் சொன்னால்தான்."

முதல் நாள் வலையில் கைப்பிடி அளவு மண், பச்சைச் சேறு. இரண்டாம் நாள் பாதி. கம்பியின் எட்டுக் கால்களையும் சுற்றி விரற்கடை அகலத்துக்கு ரோபோ நெருங்காத வட்டங்கள் இருந்தன. சரிவில் மெல்ல இறங்கி, தலை நனையாமல் எட்டக்கூடிய ஆறு கால்களைக் கையாலேயே தேய்த்தார். ஆழத்திலிருந்த இரண்டுக்கு, ரோபோவுடன் வந்த தூரிகையை ஒரு கம்பியில் கட்டி, வளைத்து, கரையிலிருந்து தேய்த்தார். அதற்கு மூன்றாம் நாளும் போனது. சசிகரனிடமிருந்து செய்தி வந்தது: "வேலை செய்யுதா அண்ணை? படம் ஒண்டு அனுப்புங்கோ." போனைக் கவிழ்த்து வைத்தார்.

"பதில் போடும், பாவம்" என்றார் டீச்சர்.

"படத்தில வழுக்கிறது தெரியாது டீச்சர். அவருக்கு வேணுமெண்டால் வந்து தடவிப் பாக்கட்டும்."

நான்காம் நாள் காலை ரோபோவைக் கொக்கியால் இழுத்து எடுத்தார். நீரை வடித்து, சார்ஜ் ஏற்றும் துளையைத் துணியால் ஒற்றி, நிழலில் வைத்தார். பிறகு கோட்டோரமாகத் தடாகத்தை ஒரு சுற்று வந்தார், புறங்கை டைல்ஸில். சரிவில் வெறுங்காலால் இறங்கி, குதிக்காலை அழுத்தித் தேய்த்துப் பார்த்தார். கறகற என்றது. டீச்சருக்கு அன்று கால் வழுக்கிய இடத்தில் மூன்று தரம் பார்த்தார்.

ஏறி வந்து, நாற்பது நாட்களாகக் குறுக்கே கிடந்த நீலக் கயிற்றின் முடிச்சை அவிழ்த்தார். வெயிலில் இறுகியிருந்த முடிச்சு, நேரம் எடுத்தது. கயிற்றை முழங்கையில் சுற்றி வளையமாக்கி, வோக்கருடன் வந்து நின்ற டீச்சரின் கையில் வைத்தார்.

"இந்தாங்கோ டீச்சர். நெஞ்சு மட்டும் இறங்கலாம்."