தொண்ணூறு நாளில் மூன்று லேண்டிங்

விமானி என்றால் வானத்தில் வேலை என்று நினைக்கிறவர்கள் உண்டு. எங்களுக்குச் சோறு போடுவதென்னவோ தரையில் இறங்குவதுதான்.

வேலை இருந்தும் கூப்பிட ஆளில்லாமல் வீட்டில் கிடந்த சக பாவிகளே, உங்களுக்கு இது புரியும். ஊரடங்குக் காலத்தில் விமானங்களை எல்லாம் வரிசையாக நிறுத்திவிட்டார்கள். ஆனால் எங்கள் விதிக்கு ஊரடங்கு கிடையாது. தொண்ணூறு நாளைக்குள் மூன்று முறையாவது விமானத்தை மேலே ஏற்றி, மூன்று முறை தரையிறக்கியிருக்க வேண்டும். குறைந்தால் பயணிகளை வைத்து ஓட்டக் கூடாது. சிமுலேட்டர் என்கிற பொம்மை விமானத்தில் ஓட்டிக் காட்டி மறுபடி தகுதி பெற வேண்டும். அதற்கு நின்ற வரிசையைப் பார்த்தால் ரேஷன் கடையே தேவலாம். அந்த வரிசையில் நின்ற என் நண்பர்கள் இருவருக்குச் சம்பளமில்லாத விடுப்புக் கடிதம் வந்துவிட்டது. நானோ துணை விமானி. அறுபது நாள் ஓடியபோது நான் இறக்கியிருந்தது இரண்டே முறை. மூன்றாவதற்கு நாயாய் அலைந்தேன்.

குரல் வளம்

ஒரு வழியாகச் சென்னையிலிருந்து மதுரைக்குப் போய்த் திரும்பும் வேலை ஒன்று கிடைத்தது. போகும்போது ஒருவர், வரும்போது ஒருவர் ஓட்டுவது வழக்கம். எனக்கு ஒன்று போதும். கேப்டனிடம் பல்லைக் காட்டிக்கொண்டு போய் நின்றேன். அவர் என்னைவிட அதிகமாகப் பல்லைக் காட்டினார். அவருக்கு இரண்டு லேண்டிங் பாக்கி, கெடு நாளை மறுநாள்.

பெரியவர், ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம்தான் இருக்கிறது என்றார். பஸ்ஸில் சீட்டை விட்டுக்கொடுப்பதுபோல விட்டுக்கொடுத்தேன். மதுரையில் அவரே இறக்கினார். சென்னையிலும் அவரே இறக்கினார். நான் இரண்டு பக்கமும் கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசிக்கொண்டு வந்தேன், அவ்வளவுதான். இறங்கும்போது தோளில் தட்டி, "தம்பி, ரேடியோவில உங்க குரல் ரொம்ப நல்லா இருக்கு" என்றார்.

எத்தனை பேர்?

வேறு வேலை எதுவும் இல்லாததால் ஊருக்கு, சிவகாசிப் பக்கத்துத் தாயில்பட்டிக்கு, வந்து சேர்ந்தேன். அப்பா பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். விதியை அவரிடம் அரை மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, தெருவில் விசாரித்தவர்களிடம் எல்லாம் அதை ஒரே வரியாகச் சுருக்கிச் சொல்லிவிட்டார்: மகன் லைசென்சை நிப்பாட்டப் போறாங்க.

மறுநாள் காலையில் எதிர்வீட்டு மாரியக்கா ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார். பட்டாசுக் கம்பெனியில் திரி வைக்கிறவர். என் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, கண் கலங்க, "மறைக்காதீக தம்பி, எத்தன பேரு?" என்று கேட்டார். எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் உறைத்தது. எங்கள் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் லைசென்ஸ் நின்றால், அதற்கு முன்னால் எங்கேயோ ஒரு வெடிச் சத்தம் கேட்டிருக்கும். நான் ஒரு விமானத்தையே எங்கோ இடித்துவிட்டு வந்திருக்கிறேன் என்று தெரு முழுக்கத் துக்கத்தில் இருந்தது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, விமானம் முழுசாக நிற்கிறது என்று சத்தியம் செய்தேன். சிரிப்பாகவும் வந்தது, அந்தக் கையை விடவும் மனசில்லை. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் கோபமாகவே கேட்டார்: "ஒண்ணுமே நடக்காம லைசென்ச நிப்பாட்டுவாகளா? அப்பிடி ஒரு ஊரு எங்கன இருக்கு?"

காலி இடம்

ஓட்டாமலே இருந்தால் கை மறந்துவிடும். அதனால் விமானிகள் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே விமானி அறையின் படத்தை ஒட்டிவைத்து, எந்தப் பொத்தானை எப்போது தொடுவது என்று பழகுவது உண்டு. சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கும் செந்தில் என்னோடு படித்தவன். ஆர்டர் இல்லாமல் மெஷின் சும்மா கிடக்கிறது என்று, படத்தை நிஜ அளவில், பளபள தாளில் அடித்துக் கொடுத்தான். எல்லாப் பொத்தானும் துல்லியம்.

ஒரே ஒரு திருத்தம்தான் செய்திருந்தான். முன் கண்ணாடி வழியாக வானம் தெரிய வேண்டிய இடத்தில் மகாலட்சுமி நின்றாள். அவள் காலடியில் அவன் அச்சகத்தின் பெயரும் போன் நம்பரும். கீழே, சக்கரத்தை இறக்கும் நெம்புகோலுக்குப் பக்கத்தில், தேதி கிழிக்கும் காலண்டர் அட்டை, ராகுகாலம், எமகண்டத்தோடு. "ஏண்டா இப்படிப் பண்ணினே?" என்றேன். தொழில் தெரியாதவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். "அம்புட்டு எடத்தையும் நீலமா சும்மா விட்டா, பாக்குறவன் பிரிண்டிங் மிஸ்டேக்னு நெனைக்க மாட்டானா மாப்ள?"

ஏறுமுகம்

தரை நெருங்கும்போது விமானமே உயரத்தைச் சொல்லும்: ஐம்பது அடி, நாற்பது, முப்பது, இருபது. அந்த எண்ணிக்கையைக் கேட்டுத்தான் மூக்கை மெல்லத் தூக்க வேண்டும். நாற்காலிப் பயிற்சியில் அதைச் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. அம்மா பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் பார்ப்பவர்; எண்ணுவதில் அவரை அடிக்க ஆளில்லை. கம்பெனியும் மூடிக்கிடந்ததால் உற்சாகமாக வந்து உட்கார்ந்தார்.

நான் மகாலட்சுமியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தேன். அம்மா கணீரென்று ஆரம்பித்தார்: "பத்து, இருபது, முப்பது, நாப்பது…" விமானம் விர்ரென்று மேலே போய்விட்டது. தலைகீழாக எண்ணச் சொல்லிக் கெஞ்சினேன். இரண்டாவது முறையும் ஏற்றம்தான். ஆறாவது முறை நான் சத்தம் போட்டதும் அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. "வெளக்கு வச்ச வீட்டுல கொறைச்சுக் கொறைச்சு எண்ணச் சொல்லுதியேய்யா, வெளங்குமா?"

நம்பிக்கை

எண்பத்தெட்டாம் நாள் போன் வந்தது. நாளைக் காலையில் சென்னை–மதுரை, லேண்டிங் எனக்கு. செந்திலின் காரை வாங்கிக்கொண்டு, மாவட்டம் தாண்ட இ-பாஸ் எடுத்துக்கொண்டு, சென்னைக்குப் பறந்தேன். விருதுநகர் தாண்டும் முன்பே சோதனைச் சாவடியில் மறித்தார்கள். அங்கிருந்த ஏட்டு பாஸை வாங்கிப் படித்தார். பயணத்தின் காரணம் என்ற இடத்தில் 'விமானம் ஓட்ட' என்று இருந்தது. அடையாள அட்டையைக் காட்டினேன். சீருடையைப் பிரித்துக் காட்டினேன். தோள்பட்டைக் கோடுகளை எண்ணிக்கூடப் பார்த்தார்.

இந்த ஒன்றும் போனால் விடுப்புக் கடிதம்தான். ஏட்டு நிதானமாகக் கேட்டார்: "ஏரோப்ளேன் ஓட்டுறவரே மெட்ராசுக்குக் கார்ல போனா, நாங்க எப்பிடி சார் நம்புறது?"

வாசலில்

எப்படியோ விட்டார்; எப்படியோ போய்ச் சேர்ந்தேன். எண்பத்தொன்பதாம் நாள் மதுரையை நெருங்கும்போது காற்று இடுப்பில் குத்துவதுபோல ஒரு பக்கமாக அடித்தது. அன்றைய கேப்டன் என்னைப் பார்த்தார். அவர் "நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லிவிடக் கூடாதே என்று நான் ஓடுபாதையை மட்டும் பார்த்தேன். அவர் சொல்லவில்லை. சக்கரங்கள் டமார் என்று உட்கார்ந்தன. உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர்தான், அத்தனை பேரும் ஒரே குரலில் "ஆத்தா!" என்றார்கள். அழகான லேண்டிங் இல்லை. ஆனால் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, பிழைத்தேன் என்று.

அந்த மிதப்பில் வாசலில் நின்று பயணிகளுக்கு வணக்கம் சொன்னேன். சிவகாசிப் பட்டாசு வியாபாரி ஒருவர், முகக்கவசத்தைச் சரிசெய்தபடி, "என்ன தம்பி, மொத தடவையா எறக்குதீகளோ?" என்று விசாரித்தார். "இல்லீங்கய்யா, இதோட மூணு!" என்று விரலைக் காட்டிப் பூரித்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. பின்னால் வந்த மைத்துனர் பக்கம் திரும்பி, "ஏலே, மூணாவது தடவையாம்லே! இருக்கன்குடி ஆத்தாளுக்கு ஒரு கெடா நேந்துக்க, இனிமே மெட்ராசுக்கு ரயில்தான்!" என்றார்.

அப்பாடா என்று மூச்சு விடும் நொடியிலேயே அடுத்த தொண்ணூறு நாள் ஓடத் தொடங்கிவிடுகிற தொழில், எங்களுடையது.